திராட்சைத் தோட்டங்களிடையே மிதிவண்டிப் பாதைகள்

பிரான்சு நாட்டையும் மிதிவண்டியையும் சேர்த்துச் சொன்னவுடனே, ஜூலை மாதத்தில் நடைபெறும் 'டூர் த பிரான்ஸ்' பந்தயமே நம்மில் பலருக்கு நினைவிற்கு வரும். 1903ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் நோக்குடன் தொடங்கிய பந்தயம் அது. இன்று உலகமே அறிந்த விழாவாகிவிட்டது. ஆயினும் அது மூன்று வாரக் காட்சிதான். ஆண்டு முழுவதும், எவ்விதப் பரிசையும் நாடாமல், அந்நாட்டின் கிராமச் சாலைகளில் மிதிவண்டியோட்டும் எளிய மக்களைப்பற்றி நம் வாசகக் குடும்பங்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்நாட்டுச் சாலைகள் பல தரத்தவை. விரைவுப் பெருவழிகளில் மிதிவண்டிக்கு இடமே இல்லை. மிதிவண்டியோட்டிகள் நாடுவதெல்லாம் 'டி' என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் தாங்கிய மாவட்டச் சாலைகளையே. புகழ்பெற்ற மிஷ்லேன் வரைபடத்தில் இவை மஞ்சள் கோடுகளாகவும், இவற்றினும் சிறிய சாலைகள் வெண்மைக் கோடுகளாகவும் தீட்டப்பட்டிருக்கும். கண்ணுக்கினிய காட்சிகள் உள்ள சாலையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று கூடவே ஓடும். செங்குத்தான ஏற்றங்களை அம்புக்குறிகள் முன்கூட்டியே உணர்த்தும். சாலையோரத்தில் மஞ்சள் தலையுடன் நிற்கும் மைல்கற்கள் வழி காட்டும். மிதிவண்டியைக் கடந்து செல்லும் மோட்டார் வாகனம், ஊருக்கு வெளியே 1.5 மீட்டரும் ஊருக்குள் ஒரு மீட்டரும் விலகிச் செல்லவேண்டும் என்பது சட்டம். சட்டம் இருக்கிறது; அதை மறக்கிறவர்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இச்சாலைகள் நம்மை இட்டுச்செல்லும் கிராமங்கள் பலவும் இன்று ஆளரவம் குன்றிப்போனவை. இளைஞர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி ஒலிக்கும், கடைகள் கதவடைக்கும், பிற்பகல் இரண்டு மணிவரை தெருவில் ஒருவரையும் காண்பது அரிது. பல ஊர்களில் திங்கட்கிழமையன்று ரொட்டிக் கடைகூடத் திறவாது. இதனை அறியாமல் புறப்பட்ட பயணி பசியோடு அடுத்த ஊர்வரை மிதிக்கவேண்டியதுதான். தண்ணீருக்கு மட்டும் ஓர் உபாயம் உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் கல்லறைத் தோட்டம் இருக்கும். கல்லறைகளின்மேல் வைத்த பூச்செடிகளுக்கு நீர் வார்ப்பதற்காக அங்கே குழாயும் இருக்கும். மரித்தோர் துயிலும் இடத்தில் உயிருள்ளோர் தாகம் தணிப்பது அந்நாட்டு மிதிவண்டியோட்டிகளின் நெடுநாள் வழக்கம். குடிநீரன்று என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கல்லறைத் தோட்டத்தை அடுத்துக் கோயில் நிற்கும். அதன் கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு முன் கட்டப்பெற்ற பங்குக் கோயில்கள் பெரும்பாலும் ஊராட்சிக்கே உடைமை. முந்நூறு பேர் வாழும் சிற்றூர், தன் கோயிலின் ஒழுகும் கூரையைத் தானே செப்பனிட வேண்டியிருக்கிறது. குருக்களோ மிகச் சிலர். ஒரே பங்குக் குரு இருபது முப்பது கோயில் மணிக்கூண்டுகளுக்குப் பொறுப்பேற்பது அங்கே புதுமையன்று. ஞாயிறுதோறும் திருப்பலி காணாத பலிபீடங்களைப்பற்றி நினைக்கும்போது, குருவாகிய நமக்கு நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

மிதிவண்டிப் பயணத்தை ஒரு நெறியாகவே ஆக்கியவர் சேந்த் எத்தியேன் நகரத்துப் பால் த விவி. 1853இல் பிறந்த இவர், 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் 1887இல் ஒரு மிதிவண்டிப் பத்திரிகையைத் தொடங்கினார். பயணிகளுக்கென்று இவர் ஏழு கட்டளைகளை வகுத்தார். கட்டளைகள் என்றதும் நமக்குச் சற்று வியப்புத்தான்! பசி வருமுன் உண்ணுதல், தாகம் எடுக்குமுன் பருகுதல், உணவும் உறக்கமும் கெடுமளவு களைத்துவிடாதிருத்தல், வழியில் மதுவும் இறைச்சியும் புகையிலையும் தவிர்த்தல் முதலியன அவற்றுள் அடங்கும். ஏழாவது கட்டளை, வீண்பெருமைக்காக மிதிக்கலாகாது என்பது. அதனை ஓர் ஆன்ம குரு எழுதியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இவ்வளவு எச்சரிக்கையாக வாழ்ந்த அம்மனிதர், 1930இல், தம் நகரத்துத் தெருவிலேயே டிராம் வண்டி மோதி உயிரிழந்தார்.

பாதைகளுள் முதலில் சொல்லத்தக்கது பர்கண்டிப் பகுதியில் உள்ளது. அங்கே இரயில் வண்டி ஓடாமல் கைவிடப்பட்ட தடம் ஒன்றிலிருந்து தண்டவாளங்களை அகற்றி, 1997ஆம் ஆண்டில் ஜிவ்ரி என்னும் ஊரிலிருந்து க்ளூனிவரை 44 கிலோமீட்டர் நீளத்திற்கு மிதிவண்டிக்கும் நடையருக்கும் மட்டுமான பாதை அமைத்தார்கள். 'பசும்பாதை' எனப் பொருள்படும் பெயருடன் அந்நாட்டில் அமைந்த முதற் பாதை இதுவே. இரயில் தடம் ஆதலால் கடும் ஏற்றமே இல்லை. குழந்தைகளும் முதியோரும் அஞ்சாமல் செல்லலாம். இரயில் நின்றுபோனதில் அவ்வூரார்க்கு நேர்ந்த இழப்பைப் பசும்பாதை முற்றும் ஈடுசெய்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனாலும் ரொட்டிக் கடைக்குச் சில வாடிக்கையாளர்களையாவது அது கொண்டுவருகிறது. பாதை க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் நகரை நோக்கி நீளும்போது, 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய இரயில் குகை ஒன்று வரும். குளிர்காலத்தில் அதனை மூடிவிடுகிறார்கள். காரணம், அங்கே உறங்கும் வௌவால்கள்!

க்ளூனியின் பெயர் திருச்சபை வரலாறு படித்தோர்க்குப் புதிதன்று. 910ஆம் ஆண்டில் தோன்றிய ஆசீர்வாதப்பர் சபை மடம் அது. அதன் பேராலயம், உரோமையில் இன்றைய புனித இராயப்பர் பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே மிகப் பெரியதாக விளங்கிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் அதனைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். இன்று எஞ்சி நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இராது.

அதே பாதையின் அருகில், ஒரு குன்றின்மேல் தேசே என்னும் சிற்றூர் உள்ளது. 1940 ஆகஸ்டு மாதத்தில், போரில் தோல்வியுற்ற பிரான்சிற்குள், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரிலிருந்து ஓர் இளைஞர் மிதிவண்டியில் வந்தார். வயது 25. சீர்திருத்த சபைப் போதகர் ஒருவரின் மகன்; பெயர் ரோஜர். செபவாழ்வு வாழ வீடு தேடி வந்த அவரை, தனிமையில் வாடிய மூதாட்டி ஒருவர் அங்கேயே தங்கிவிடுமாறு கேட்டுக்கொண்டார் எனப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். யூதர் உட்பட அகதிகள் பலர் அவ்வீட்டில் ஒளிந்து உயிர் பிழைத்தனர். உலக இளைஞரெல்லாம் இன்று கூடிச் செபிக்கும் தேசே குழுமம் அந்த மிதிவண்டிப் பயணத்திலிருந்தே பிறந்தது. சகோதரர் ரோஜர் 2005 ஆகஸ்டு 16 அன்று, மாலைச் செபவேளையில் கத்தியால் குத்தப்பட்டு மரித்தார்.

இனி நாம் மிகவும் விரும்பிச் சொல்ல வந்த இடத்திற்கு வருவோம். தென்மேற்குப் பிரான்சில், அர்மாஞாக் என்னும் திராட்சை நாட்டில், லாபஸ்தீத் தார்மாஞாக் என்று ஓர் ஊர். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊர். நடுவே வளைவுத் தூண்கள் சூழ்ந்த அழகிய சதுக்கம். அங்கிருந்து மேடும் பள்ளமுமான சிறு சாலையில் சில கிலோமீட்டர் மிதித்தால், தோட்டங்களுக்கிடையே, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்றைக் காணலாம். அதுவே 'மிதிவண்டியோட்டிகளின் அன்னை' ஆலயம்.

கேட்பாரற்றுக் கிடந்த இச்சிற்றாலயத்திற்கு உயிர் கொடுத்தவர், அப்பகுதிப் பங்குக் குருவான வண. ஜோசப் மாஸ்ஸி அடிகள். மிதிவண்டியில் தீராத பற்றுடையவர். இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசாலோ குன்றின்மேல் வீற்றிருக்கும் அன்னையை, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1949இல் மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்திருந்தார். அத்தகைய திருத்தலம் தம் நாட்டிலும் வேண்டும் என அடிகளார் ஆவலுற்றார். 1959 மே 18 அன்று, திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவ்விருப்பத்திற்கு இசைவளித்தார்.

உள்ளே நுழைந்தால், சுவர் முழுவதும் பந்தய வீரர்களின் வண்ணச் சட்டைகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. ழாக் அங்கெத்தில், ரேமோன் பூலிதோர், எடி மெர்க்ஸ் போன்ற புகழாளர் தந்தவையும் அங்கே உண்டு. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைச் செய்தவர் முன்னாள் பந்தய வீரரான ஆன்ரி ஆங்லாத். வியர்வைச் சட்டைக்குக் கோயிலில் என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நாம் அதனை நேர்ச்சைப் பொருளாகவே கருதுகின்றோம். தச்சன் தன் உளியைக் கொண்டுவந்து வைத்தால் மறுப்போமா? 1989இல் டூர் பந்தயத்தின் ஒரு கட்டமே இவ்வூரிலிருந்து புறப்பட்டு போ நகருக்குச் சென்றது.

அச்சட்டைகளைக் காண்போர் லூயிஸ் ஒக்கான்யாவை நினையாதிரார். ஸ்பெயினில் 1945இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பெற்றோருடன் அர்மாஞாக் பகுதிக்கு வந்தவர். 1971 பந்தயத்தில், எவராலும் வெல்ல முடியாதவர் எனப்பட்ட மெர்க்ஸைவிட ஏழு நிமிடத்திற்கும் மேலாக முந்தி, தலைவனுக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்தார். ஜூலை 12 அன்று, பிரனே மலையின் மாந்தே கணவாய் இறக்கத்தில், கொட்டும் மழையில் விழுந்தார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதினர். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். பந்தயம் மெர்க்ஸுக்குப் போயிற்று. 1973இல் ஒக்கான்யா வென்றே தீர்ந்தார். பின்னர்த் திராட்சைத் தோட்டம் வைத்து உழுதார். நோயும் கடன் தொல்லையும் அவரை விடவில்லை. 1994 மே மாதத்தில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 48.

அவருடைய திருமணம் இச்சிற்றாலயத்தில்தான் நடந்தேறியது. அவருடைய அடக்கச் சடங்கும் இதே பலிபீடத்தின்முன் நிகழ்ந்தது. அவ்விதம் மரித்தவர்க்குக் கதவடைத்த காலம் ஒன்று இருந்தது. அன்று கதவு திறந்தே இருந்தது.