கீறல் போட்ட சிலிண்டர்

போர் போட்டு வந்த பைக் சிலிண்டருக்குள் குறுக்கும் மறுக்குமாகக் கீறல் தெரிகிறதே, பட்டறையில் ஏமாற்றிவிட்டார்களா என்று கம்பைநல்லூரிலிருந்து ஒரு கேள்வி. இல்லை, அந்தக் கீறலுக்கும் சேர்த்துத்தான் கூலி. உள்ளே கண்ணாடிபோல மின்னியிருந்தால் சண்டைக்குப் போகலாம். ‘மிரர் ஃபினிஷ்’ என்று விளம்பரக்காரர்கள் கூவிக் கூவி, வழவழப்பே தரம் என்று நம்ப வைத்துவிட்டார்கள்.

பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய படலமாக நிற்க வேண்டும். சுவர் பளபளவென்று இருந்தால் ரிங் அதை வழித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஹோனிங்கில் முதலில் கரடான கல்லால் கீறுகிறார்கள். கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போவதால் கீறல்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டும். அடுத்து நயமான கல்லால் மேடுகளின் உச்சியை மட்டும் சீவுவார்கள். சீவிய திட்டுகள் ரிங்கின் பாரத்தைத் தாங்கும். பள்ளங்கள் எண்ணெயைத் தேக்கும். கேழ்வரகு தின்று வளர்ந்த தர்மபுரிச் சீமைக்கு இது புதிதல்ல. திரிகைக்கல் வழவழத்துப் போனால் கொத்தத்தானே வேண்டும்? கொத்திய கையோடு ஒரு பிடி தவிட்டை அரைத்துக் கொட்டுவார்களே, நயமான கல்லின் வேலையும் அதுதான்: உதிரவிருக்கும் முனைகளை முன்கூட்டியே உதிர்ப்பது. திரிகையில் எண்ணெய் இல்லையே என்பவர்கள் இத்தோடு உவமையை விட்டுவிடலாம்.

வரைபடத்தில் இதற்கெல்லாம் பெரும்பாலும் ‘ஆர்ஏ’ என்ற ஒரே எண்தான். மேடுபள்ளங்களின் சராசரி விலகல், மைக்ரான் கணக்கில். சாதாரண லேத் வேலைக்கு 3.2 என்பார்கள், கிரைண்டிங்குக்கு 0.8. சராசரிக்கு மேடும் ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். நம் சிலிண்டர் சுவரின் பள்ளங்களை அப்படியே மேடுகளாகப் புரட்டிப் போட்டாலும் ஆர்ஏ மாறாது. ரிங்கை மட்டும் அது அரம்போல ராவிவிடும். வரி ஓடும் திசையும் அந்த எண்ணில் இல்லை. லேத்தில் கடைந்த தண்டில் திருகுபோல் நுண்வரி சுற்றியிருக்கும். ஆயில் சீலுக்கு அடியில் தண்டு சுழலும்போது அந்த வரியே பம்பாகி எண்ணெயை வெளியே கடத்தும். அங்கே 0.2 முதல் 0.8 வரை என்று எழுதினால் போதாது. கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேரே உள்ளே செலுத்த வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

வரலாறு வேண்டுமானால்: எந்த ஆழத்தில் எவ்வளவு பரப்பு பாரம் தாங்கும் என்று காட்டும் வளைகோட்டை அபாட்டும் ஃபயர்ஸ்டோனும் 1933இலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஒற்றை எண்ணை அளப்பது சுலபம் என்பதால் அது பிழைத்துக் கிடக்கிறது.

அப்படியானால் எல்லாப் பரப்புக்கும் பத்து எண் எழுதலாமா? அதுவும் வீண்செலவு. எது எதன்மேல் உரசுகிறது, எங்கே கசியக் கூடாது என்று பார்த்து, அங்கே மட்டும் கறாராக எழுதினால் போதும். எதுவும் தொடாத மூடியின் வெளிப்புறத்துக்கு 0.8 என்று எழுதினால், லேத்தோடு முடிய வேண்டியது கிரைண்டிங்குக்கும் போய்வரும். கடைசியில் பெயிண்ட் அடிப்பவர், பிடிப்பு வேண்டுமென்று அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்.