கடல் ஆடுறதுக்கு முன்னாடி: குளிர்கால கப்பல் பயணத்துக்கு ஒரு மெக்கானிக்கல் பையனின் கையேடு



எங்க வீட்டில் பஸ் பயணம்னாலே அம்மா கையில் மூணு பொருள் இருக்கும். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கர்ச்சீப், ரெண்டு கேரி பேக். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவது வளைவு வர்றதுக்குள்ளே முதல் கேரி பேக் தேவைப்பட்டுடும். அப்படிப்பட்ட அம்மாவுக்கு, இங்கிலாந்தில் வேலை பார்க்கும் எங்க அக்கா ஒரு சர்ப்ரைஸ் குடுத்தா. அம்மாவும் அப்பாவும் அவளைப் பார்க்கப் போகும்போது, பிப்ரவரியில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இருந்து வட நார்வே வரைக்கும் ஒரு கப்பல் பயணம். வானத்தில் பச்சையாக நெளியும் துருவ ஒளியைப் பார்க்க.

அப்பா குஷியாயிட்டார். அம்மா மட்டும், "நான் வரலை. அத்தனை பேர் முன்னாடி வாந்தி எடுத்து அசிங்கப்பட என்னால முடியாது"ன்னு சொல்லிட்டாங்க.

அந்த 'அசிங்கம்'ங்கிற வார்த்தைதான் என்னை உட்கார்ந்து படிக்க வெச்சது. படிக்கப் படிக்க, இதில் நம்ம சிலபஸ்ல வர்ற வைப்ரேஷன், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாமே இருக்குன்னு தெரிஞ்சது. அம்மாவுக்காகச் சேர்த்த குறிப்புகளைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுறேன்.

இது பலவீனம் இல்லை, சிக்னல் குழப்பம்

உங்க போனில் ஜைரோஸ்கோப்பும் ஆக்சிலரோமீட்டரும் இருக்கு இல்லையா? நம்ம உள்காதிலும் அதே ஜோடி இருக்கு. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள், தலை எந்தப் பக்கம் சுழலுதுன்னு சொல்லும். பக்கத்தில் இருக்கும் பைகளில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கு. அவை மேலே கீழே, முன்னே பின்னே போகும் முடுக்கத்தைச் சொல்லும்.

கப்பல் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது என்ன நடக்குது? சுவர், கட்டில், நீங்க எல்லாரும் சேர்ந்தே ஆடுறீங்க. அதனால கண்ணு "எதுவும் அசையலை"ன்னு ரிப்போர்ட் பண்ணுது. காது "அய்யோ, ஆடுது ஆடுது"ன்னு ரிப்போர்ட் பண்ணுது. ரெண்டு சென்சார் ரெண்டு ரீடிங் குடுத்தா கன்ட்ரோலர் குழம்புமே, அதுதான் கடல் நோய். மூளை எதிர்பார்க்கும் அசைவுக்கும் வந்து சேரும் சிக்னலுக்கும் இருக்கும் முரண்பாடு என்பதுதான் இன்னைக்குப் பரவலா ஏத்துக்கிட்ட விளக்கம்.

இதுக்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. உள்காதின் சமநிலை உறுப்பு முழுசா செயலிழந்தவங்களுக்குக் கடல் நோய் வர்றதில்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1882-லேயே இதைக் கவனிச்சு எழுதியிருக்கார். அப்படின்னா வாந்தி வருதுன்னா உங்க சென்சார் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்! பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு வாழ்நாள் முழுக்க கடல் நோய் இருந்தது. பீகிள் கப்பலில் உலகத்தைச் சுற்றிய சார்லஸ் டார்வினுக்கும் பயணம் முழுக்க இதே தொல்லைதான். இதை அம்மாகிட்ட சொன்னப்போ, "நெல்சன் யாருடா?"ன்னு கேட்டாங்க. ஆனா முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது.

வில்லன்: 0.2 ஹெர்ட்ஸ்

எல்லா ஆட்டமும் குமட்டாது. ஆராய்ச்சிகளில் தெரிஞ்சது, செங்குத்தாக மேலே கீழே போகும் அசைவில் சுமார் 0.2 ஹெர்ட்ஸ்தான் ரொம்ப மோசம். அதாவது ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குவது. கப்பலின் ஆட்டம் விழுவதும் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான்.

இதுக்கு ஐ.எஸ்.ஓ. 2631 என்ற தரநிலையில் ஒரு கணக்கே இருக்கு. செங்குத்து முடுக்கத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பை, நேரத்தின் (வினாடியில்) வர்க்கமூலத்தால் பெருக்கணும். வர்ற எண்ணை மூணால் வகுத்தா, கடல் பழக்கம் இல்லாதவங்களில் தோராயமா எத்தனை சதவீதம் பேர் வாந்தி எடுப்பாங்கன்னு கிடைக்கும்.

போட்டுப் பார்ப்போம். முடுக்கம் 0.5 மீ/வி², நேரம் 4 மணி, அதாவது 14,400 வினாடி. வர்க்கமூலம் 120. பெருக்கினால் 60. மூணால் வகுத்தா 20 சதவீதம். அதே நாலு மணி நேரத்துக்கு முடுக்கம் 1 மீ/வி² ஆனா 40 சதவீதம்!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. முடுக்கத்தைப் பாதியாக்கினா ஆபத்தும் பாதியாகுது. நேரத்தைப் பாதியாக்கினா அவ்வளவு குறையாது, ஏன்னா அது வர்க்கமூலத்துக்குள்ளே இருக்கு. நடுக்கடலில் நேரத்தை நம்மால மாத்தவும் முடியாது. மாத்தக்கூடியது முடுக்கம்தான். எப்படி?

கேபினை எங்கே எடுக்கணும்?

ஒரு சீசாவை நினைச்சுப் பாருங்க. நுனியில் உட்கார்ந்தவன் பறக்கிறான், நடுவில் உட்கார்ந்தவன் சும்மா இருக்கான். அலையில் முன்னும் பின்னும் குத்தி எழும் கப்பலும் அப்படித்தான்.

சுமார் 230 மீட்டர் கப்பல் ஒண்ணு, 8 வினாடிக்கு ஒரு தடவை, இரண்டு பக்கமும் 2 டிகிரி ஆடுதுன்னு வெச்சுக்குவோம். நடுவிலிருந்து 90 மீட்டர் தள்ளி, முன்பகுதியில் இருக்கும் கேபின் 3.1 மீட்டர் மேலே போய், 3.1 மீட்டர் கீழே வரும். உச்ச முடுக்கம் கிட்டத்தட்ட 1.9 மீ/வி². நடுவிலிருந்து 10 மீட்டரில் இருக்கும் கேபினுக்கு வெறும் 0.2 மீ/வி². ஒரே கப்பல், ஒரே அலை, ஒன்பது மடங்கு வித்தியாசம்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு உயரம்தான் எதிரி. மேல் தளங்கள் அதிகமா ஊசலாடும். அதனால விதி சிம்பிள்: நடுப்பகுதி, கீழ்த்தளம். அக்கா ஆசையா முன்பக்கத்தில் மேல்தள பால்கனி கேபின் புக் பண்ணியிருந்தா. நான் இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நடுவில், கீழே, ஜன்னல் மட்டும் இருக்கிற ரூமுக்கு மாத்திட்டா. காசும் கொஞ்சம் மிச்சம்.

"கப்பலில்தான் ஸ்டெபிலைசர் இருக்கே?"ன்னு கேட்கலாம். தண்ணீருக்கு அடியில் விமான இறக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் துடுப்புகள் அவை. பக்கவாட்டு ஆட்டத்தை நல்லாவே குறைக்கும். ஆனா மேலே கீழே போவதையும், முன்பின் குத்துவதையும் அவற்றால் பெரிசா தடுக்க முடியாது. அதோட, அவை தர்ற விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. புயலில் கப்பல் வேகத்தைக் குறைச்சா துடுப்பின் பலமும் குறையும்.

குளிர்காலம் ஏன் தனி கேஸ்?

நார்வே கரையோரம் ஆயிரக்கணக்கான தீவுகள் இருக்கு. பெரும்பாலான தூரம் கப்பல் அவற்றின் மறைவில் போயிடும். பிரச்சினை, மறைவு இல்லாத திறந்த இடங்களில்தான். முதலில் இங்கிலாந்திலிருந்து வட கடலைக் கடக்கணும். அப்புறம் ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விக்கா, லொஃபோட்டன் தீவுகளுக்கு முன்னாடி வெஸ்ட்ஃபியோர்டன். ஸ்டாட் கடல் எவ்வளவு மோசம்னா, அதைத் தவிர்க்க மலையைக் குடைஞ்சு 1.7 கி.மீ. நீளத்துக்குக் கப்பல் போற சுரங்கம் வெட்டவே நார்வேக்காரங்க திட்டம் போட்டாங்க. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையில் வரும்.

கடல் நோய்க்கு எல்லாரும் சொல்ற முதல் அறிவுரை, "தொடுவானத்தைப் பாரு". கண்ணுக்கும் காதுக்கும் ஒரே ரீடிங் கிடைக்கும் என்பதால் அது நல்ல அறிவுரைதான். ஆனா ஜனவரி, பிப்ரவரியில் வட நார்வேயில் பகலே கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் இருட்டு. பார்க்கத் தொடுவானமே கிடையாது! காத்து பலமா இருந்தா வெளித்தளத்தையும் மூடிடுவாங்க.

துருவ ஒளியைப் பார்க்க எங்கே நிக்கணும்? கப்பலின் உச்சித்தளத்தில், இருட்டில், தலையை அண்ணாந்து. அதாவது ஊசலாட்டம் அதிகமான இடம், கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத சூழல், காதின் குழாய்களைக் குழப்பும் தலைச்சாய்வு, மூணும் ஒரே நேரத்தில். அதனால கடல் ஆடும் ராத்திரியில் மேலே ஏறியே ஆகணும்னு அடம் பிடிக்க வேண்டாம். கப்பல் ஃபியோர்டுக்குள் இருக்கும்போதோ, துறைமுகத்தில் நிக்கும்போதோ வர்ற ஒளியும் அதே ஒளிதான்.

கப்பலுக்கே தலை சுத்தினா?

2019 மார்ச் 23. வைக்கிங் ஸ்கை என்ற சொகுசுக் கப்பல் சுமார் 1,370 பேரோடு ஹுஸ்டாட்விக்காவைக் கடந்துக்கிட்டு இருந்தது. கடும் புயல். திடீர்னு ஓடிக்கிட்டிருந்த டீசல் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நின்னு போச்சு. டீசல்-எலக்ட்ரிக் கப்பல் என்பதால் கரென்ட் போனா ப்ரொப்பெல்லரும் போச்சு. காத்து கப்பலைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. ஒரு கப்பல் நீளத்துக்கும் குறைவான தூரத்தில் தரை தட்டாமல் தப்பிச்சதா விசாரணை அறிக்கை சொல்லுது. 450-க்கும் மேற்பட்டவங்களை ஹெலிகாப்டரில் ஒவ்வொருத்தரா தூக்கினாங்க. மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. யாரும் சாகலை.

காரணம் என்ன தெரியுமா? இன்ஜின் ஆயில். சம்ப் டேங்கில் 68 முதல் 75 சதவீதம் ஆயில் இருக்கணும்னு தயாரிப்பாளர் பரிந்துரை. இருந்தது 28 முதல் 40 சதவீதம். அமைதியான கடலில் அதுவே போதுமா இருந்தது. ஆட்டத்தில் ஆயில் ஒரு பக்கமா ஒதுங்க, பம்ப் காத்தை இழுக்க, பிரஷர் விழ, இன்ஜின் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடுச்சு.

படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. புயல் வந்த பிறகு ஆயில் ஊத்திப் பலனில்லை. கரையிலேயே ஊத்தியிருக்கணும். கடல் நோய்க்கும் இதே சூத்திரம்தான்.

கரையிலேயே செய்ய வேண்டியவை

1. மாத்திரை முன்னாடியே. குமட்டல் ஆரம்பிச்சா வயிறு தன்னைக் காலி பண்ணும் வேலையை நிறுத்திடும். அப்புறம் போட்ட மாத்திரை ரத்தத்துக்குப் போகாம உள்ளேயே கிடக்கும், இல்லைன்னா வெளியே வந்துடும். சின்னரிசின், மெக்லிசின், ப்ரோமெத்தசின் மாதிரி மருந்துகள் உண்டு. பெரும்பாலானவை தூக்கம் வரவைக்கும், மதுவோட சேரக்கூடாது.

2. காதுக்குப் பின்னாடி ஒட்டும் ஸ்கோபொலமின் பேட்ச் சுமார் மூணு நாள் வேலை செய்யும். ஆனா சில வகை கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்களுக்கு ஆபத்து. ஒட்டினதும் கையைக் கழுவணும். அந்தக் கை கண்ணில் பட்டா பாப்பா விரிஞ்சு பார்வை மங்கும். எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான். எங்க அப்பாவுக்கு ப்ராஸ்டேட் பிரச்சினை இருக்கிறதால, டாக்டர் பேட்ச் வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டார்.

3. வீட்டில் வாந்திக்குப் போடுற ஆண்டான்செட்ரான் இந்த வகை வாந்திக்குப் பெரிசா உதவாது. இஞ்சிக்குச் சாதகமாவும் பாதகமாவும் ஆய்வுகள் இருக்கு. முயற்சி பண்ணலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. வெறும் வயிறும் வேண்டாம், மூக்குமுட்டவும் வேண்டாம். பிஸ்கட், சாதம், ஆப்பிள் மாதிரி லேசா. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும்.

5. ஆட்டம் தொடங்கினா போனும் புத்தகமும் வேண்டாம். இருட்டில் தொடுவானம் இல்லைன்னா, மல்லாந்து படுத்துத் தலையை அசைக்காம கண்ணை மூடிடுங்க. ஒரு சென்சாரை ஆஃப் பண்ணா சண்டை பாதி குறையும்.

6. ரூமில் கண்ணாடி டம்ளர், லேப்டாப் எல்லாத்தையும் தரையிலோ டிராயரிலோ வெச்சிடுங்க. நடக்கும்போது ஒரு கை எப்பவும் கம்பியில். கதவு இடுக்கில் விரல் வைக்கவே வைக்காதீங்க. வைக்கிங் ஸ்கை வீடியோக்களில் நாற்காலிகள் வழுக்கி ஓடுறதைப் பார்த்தா ஏன்னு புரியும்.

7. முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியைச் சீரியஸா எடுத்துக்கோங்க. லைஃப் ஜாக்கெட் எங்கே, கூடும் இடம் எங்கேன்னு தெரிஞ்சிருக்கணும். ஜெர்கின், ஷூ, தினசரி மாத்திரைகள், மூணும் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

8. ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூட நிக்கலைன்னா கப்பல் டாக்டரைப் பாருங்க. வாந்தியோட பேதி, காய்ச்சல் இருந்தா அது கடல் நோய் இல்லை, தொற்றா இருக்கலாம். மறைக்காம சொல்லணும்.

பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாளில் மூளை பழகிடும். அதனால முதல் ரெண்டு நாள்தான் பரீட்சை.

அப்புறம் என்ன ஆச்சு?

அம்மா போனாங்க. வட கடலைக் கடக்கும்போது ஒரு தடவை வாந்தி. அப்போ பக்கத்து டேபிள் வெள்ளைக்காரப் பாட்டியும் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்களாம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சிருக்காங்க. ஸ்டாட் தாண்டும்போது அம்மா மாத்திரை போட்டுத் தூங்கியே போயிட்டாங்க.

ட்ரோம்சோ துறைமுகத்தில் கப்பல் கட்டி நின்ன ராத்திரிதான் துருவ ஒளி வந்தது. தரை ஆடலை, அம்மா அண்ணாந்து பார்த்துக்கிட்டு அரை மணி நேரம் நின்னாங்களாம். மறுநாள் போனில் அம்மா சொன்னது இது: "கொல்லிமலை பஸ்ஸுக்கு இது பரவாயில்லைடா. அடுத்த தடவை அங்கே போறப்பவும் மாத்திரையை முன்னாடியே போட்டுடலாம். இத்தனை வருஷம் இது யாருக்கும் தோணலை பாரு."

உங்க வீட்டிலும் வாந்திக்குப் பயந்து பயணத்தையே விட்டவங்க யாராவது இருப்பாங்க. இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.