உங்களுக்குத் தெரியுமா? கீரிமலையைச் சுற்றி, சாவு தோற்ற கதைகள்!

கீரிமலைக் கேணியையும் கடலையும் பிரிப்பது ஒரே ஒரு சுவர்தான்! இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் உப்பு. ஆடி அமாவாசை அன்று ஆயிரக்கணக்கானோர் இங்கே மூழ்கி எழுந்து, மறைந்த தந்தையருக்குக் கடன் தீர்க்கிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இளவாலை, கொஞ்சம் தள்ளித் தெல்லிப்பழை, சில்லாலை, உடுவில்! செத்தவர் எழுந்திருப்பார் என்று நம்பிக் கண்மூடியவர்களின் ஊர்கள் அவை. அங்கே கிடைத்த சேதிகள் ஒவ்வொன்றும் முத்து!

கீரிமலைக்கு அமாவாசை என்றால் உயிர்த்த ஞாயிறுக்குப் பௌர்ணமி! மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. அதுதான் கணக்கு. ஞாயிறன்றுதான் கொண்டாட வேண்டும் என்பது 325ஆம் ஆண்டு நிசேயாச் சங்கம் உறுதிசெய்தது. ஆக, இந்தத் திருநாளுக்கு வயது கூடினாலும் தேதி மட்டும் நிலைப்பதே இல்லை!

மிக முந்தி வரக்கூடிய தேதி மார்ச் 22. கடைசியாக அப்படி வந்தது 1818இல்! அடுத்து எப்போது? 2285இல்! நாம் யாருமே பார்க்கப் போவதில்லை. மிகப் பிந்தி வரும் தேதி ஏப்ரல் 25. அது வந்தது 1943இல். இனி வருவது 2038இல்! இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இப்போது பெரிய வெடி! கீரிமலைச் சிவன் கோயிலான நகுலேஸ்வரத்தை மீண்டும் எழுப்பக் குரல் கொடுத்தவர் யார்? நல்லூர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலர். அதே நாவலர்தான் இளவயதில் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர்! 1850இல் அச்சேறிய அந்தத் தமிழில் கல்லறை திறந்த கதையும் இருக்கிறது. கீரிமலைச் சிவனுக்கும் விவிலியத் தமிழுக்கும் உழைத்தவர் ஒரே ஆள்!

தெல்லிப்பழைக்கு வாருங்கள். 1806 ஓகஸ்ட், அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி. ஐந்து மாணவர்கள் வயல்வெளியில் செபிக்கிறார்கள். திடீரென்று இடி, மழை! ஓடி ஒதுங்கிய இடம் ஒரு வைக்கோற்போர். அந்த வைக்கோற்போரின் அடியில்தான் கடல் கடந்து போகும் எண்ணம் பிறந்தது. நான்கே ஆண்டில், 1810இல், அமெரிக்க மிஷன் சங்கம் உருவாகிவிட்டது! அமெரிக்கர்கள் இன்றும் வரலாற்று நூல்களில் பெருமையாக எழுதும் சம்பவம் இது.

அந்த ஐவரில் ஒருவர் எங்கே கண்மூடினார் தெரியுமா? நம்ம தெல்லிப்பழையில்! பெயர் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ். நாள் 1822 ஓகஸ்ட் 3. வைக்கோற்போரிலிருந்து பனங்கூடல்வரை வந்த பயணம்! அதே 1822 டிசம்பரில்தான் நல்லூரில் நாவலர் பிறந்தார்!

றிச்சர்ட்ஸுக்கு முந்திய ஆண்டு, 1821இல், அதே தெல்லிப்பழையில் சூசன் பூவர் அம்மையார் போய்ச் சேர்ந்தார். கணவர் டானியல் பூவர் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி வந்து சாகும்வரை தமிழர் நடுவிலேயே வாழ்ந்தார். 1816இல் வந்தவர், கிட்டத்தட்ட 39 ஆண்டுகள்! இடையில் மதுரைக்கும் போய் ஊழியம் செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர்களே, நீங்கள் படிக்கும் நூலகத்தின் பெயர் என்ன? டானியல் பூவர் நினைவு நூலகம்! அவர்தான் இவர்!

உடுவிலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹரியற் வின்ஸ்லோ. அமெரிக்காவின் கனெற்றிகட்டில் பிறந்தவர். 1819இல் கப்பல் ஏறினார். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளி தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம்! அந்தப் பள்ளிதான் உடுவில் மகளிர் கல்லூரி. 2024இல் அதற்கு வயது 200!

அவர் மட்டுமா? அவரைப் பார்த்து அவருடைய தங்கைகள் மூவரும் யாழ்ப்பாண மிஷனுக்கே வந்துவிட்டார்கள்! ஒரு தாய் வயிற்றில் பிறந்த நான்கு பெண்கள், ஒரே ஊழியம்! ஒரு வீடு இப்படி மொத்தமாகக் கப்பலேறிய கதை வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்? தங்கைகளில் ஒருவரான பெரி அம்மையாரும் அவர் கணவரும் 1837இல் வாந்திபேதிக்குப் பலியானார்கள். இருவருக்கும் இடையில் சில நாட்களே!

ஹரியற் 1833 ஜனவரி 14 அன்று உடுவிலில் காலமானார். வயது 36தான். கதை முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? இனித்தான் தொடங்குகிறது! அவருடைய மகள் வயிற்றுப் பேரனின் மகன்கள் இருவர். மூத்தவர் ஜோன் ஃபொஸ்டர் டலஸ், அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளர். இளையவர் அலன் டலஸ், சி.ஐ.ஏ. தலைவர்! வாஷிங்டனில் வந்திறங்கும் தமிழர்களே, நீங்கள் கால்வைக்கும் டலஸ் விமான நிலையம் உடுவில் அம்மாவின் கொள்ளுப்பேரன் பெயரில்தான் இருக்கிறது!

இன்னும் ஒன்று! அந்த ஜோன் ஃபொஸ்டர் டலஸின் மகன் அவெரி டலஸ் கத்தோலிக்கராகி, இயேசு சபைக் குருவாகி, 2001இல் கர்தினாலாகவே உயர்ந்துவிட்டார்! உடுவில் மண்ணில் விழுந்த விதை எங்கே போய்க் காய்த்திருக்கிறது பாருங்கள்!

கணவர் மைரன் வின்ஸ்லோ என்ன செய்தார்? 1862இல் தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதிலுள்ள சொற்கள் 67,000க்கும் மேல்!

மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீனை மறக்க முடியுமா? மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியவர். 1884இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் இறந்தார். தன் கல்லறையில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று! அமெரிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நம் இனத்தின் பெயர்! உயிர்த்தெழும் நாளிலும் தமிழரின் ஆளாகவே எழ வேண்டும் என்று விரும்பினார் போலும்!

சில்லாலை! ஒல்லாந்தர் காலம். கத்தோலிக்கக் குருவைக் கண்டால் பிடித்துக்கொள்வார்கள். 1687இல் ஒரு பிச்சைக்காரர் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் போகிறார். வயிற்றுக்கடுப்பு வேறு. கழுத்தில் மட்டும் செபமாலை! அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனிக்கிறார். அந்த வீடுதான் கத்தோலிக்க வீடு! அவர்தான் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார். அவரை மறைத்து வைத்துக் காத்த ஊர் சில்லாலை!

அவர் 1711இல் கண்டியில் இறந்தார். கல்லறை எங்கே? யாருக்கும் தெரியாது! இலங்கையின் முதல் புனிதருக்குக் காட்டுவதற்கு ஒரு கல்லறை இல்லை! 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஜனவரி 14 என்றதும் உங்களுக்குப் பொறி தட்டியதா? ஹரியற் இறந்ததும் அதே தேதி! இதோ மூன்றாவதும். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம்பிள்ளை ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டது 1752 ஜனவரி 14! 2022 மே 15இல் அவரும் புனிதரானார். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் அந்த நிலையை அடைந்த முதல் மனிதர் அவர். மூன்று ஊர், மூன்று நூற்றாண்டு, ஒரே தேதி!

மன்னாரில் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் வாளுக்கு இரையான புதுக் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 600 பேர். இன்றும் மன்னார் மக்கள் அவர்களை மறைசாட்சிகளாக வணங்குகிறார்கள்.

இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 அன்று யாழ்ப்பாணத்துச் சேமக்காலை ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். முதல் நாளே புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடித்திருப்பார்கள். மெழுகுதிரி காற்றில் அணையாதபடி ஒரு சிறுவன் கை குவித்து நிற்பான். பாட்டி சிலுவையின் காலடியைத் தடவிக்கொண்டே செபம் சொல்வார். சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். அது வெறும் துக்கம் இல்லை. காத்திருப்பு!

கிறிஸ்தவ மரபில் பிணத்தைக் கிழக்கே கால் நீட்டிக் கிடத்துவது ஏன் தெரியுமா? எழுந்தால் முகம் நேரே உதயத்தைப் பார்க்க வேண்டுமாம்!

பெரிய வியாழன் இரவு மௌனமாகும் கோயில் மணி உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் மறுபடி முழங்கும்! இடையில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மக்கள் உருகிப் பாடும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதியவர் தமிழரே இல்லை! கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். 1742இல் இறந்தவர். அவர் தமிழுக்கு இன்றும் கண்ணீர் வருகிறது!

பாஸ்காத் திரியை நெருங்கிப் பாருங்கள். அதில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருப்பார்கள். ஐந்து காயங்கள்! பக்கத்திலேயே அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் விடியற்கால உயிர்ப்பு ஆராதனை! 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சபை இளைஞர்கள் தொடங்கியது அது. 28 ஆண்டுகளில் அதே சபையார் எங்கே வந்து இறங்கினார்கள்? தரங்கம்பாடியில்!

தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் தோமா. அவர் கல்லறை எங்கே? மயிலாப்பூரில் என்கிறது மரபு! அப்போஸ்தலர் கல்லறைமேல் எழுந்த பேராலயங்கள் உலகில் மூன்றே மூன்று என்பார்கள். ரோம், ஸ்பெயினின் சந்தியாகோ, நம்ம சாந்தோம்! உயிர்ப்பைச் சந்தேகித்த சீடரே தமிழ் மண்ணுக்கு வந்து அதற்காகவே உயிரைக் கொடுத்தார் என்பது நம்பிக்கை!

எருசலேமில் இயேசுவின் கல்லறைப் பலகையை 2016 ஒக்டோபரில் நகர்த்தினார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின்! திறந்திருந்தது வெறும் 60 மணிநேரம். உள்ளே கிடைத்த சாந்தின் வயதைக் கணித்தால் ஏறக்குறைய கி.பி. 345! அந்தக் கல்லறைக் கோயிலின் கதவுச் சாவி யாரிடம் தெரியுமா? தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம்! கதவைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம்!

உயிர்த்தவரை ஒரே நேரத்தில் கண்டவர்கள் 500க்கும் மேல் என்று பவுல் எழுதினார். இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குள்! பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். விரும்பியவர் போய்க் கேட்கலாம்! கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரம் முழுக்க இதே பேச்சு. 58 வசனங்கள்!

முதலில் கண்டது ஒரு பெண்! பெண்ணின் சாட்சியத்தை யாரும் பெரிதாக மதிக்காத காலத்தில் மகதலா மரியாள்தான் சேதி கொண்டு ஓடினார். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவர் நினைவுநாளை அப்போஸ்தலர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு காலை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பு விடுதிகள். 260க்கும் மேற்பட்ட உயிர்களைக் குண்டுகள் பறித்தன. சீயோனில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் வெள்ளைச் சுரூபத்தில் இரத்தம் தெறித்திருந்தது. இரண்டு மாதத்துக்குள், ஜூன் 12இல், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கதவு திறந்துவிட்டது! அன்று இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை 2025இல் வத்திக்கான் விசுவாசச் சாட்சிகளின் பட்டியலில் சேர்த்தது.

வாஸ் அடிகளாரைப் புனிதராக்கிய பாப்பரசர் பிரான்சிஸ் எப்போது இறந்தார்? 2025 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள்!

மறுபடி கீரிமலைக் கரைக்கு வருவோம். 1990இல் போர் வலிகாமம் வடக்கையே காலி செய்தது. வீடு போயிற்று, கோயில் போயிற்று, பெற்றோர் கல்லறைக்கு ஒரு திரி கொளுத்தும் வழியும் அடைபட்டது. அந்தப் பகுதியின் மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்குத் திரும்பிய நாள் 2017 ஜூலை 3. 27 ஆண்டுகள்! கைப்பிள்ளையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்!

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கீரிமலைக்குப் போகும்போது தெல்லிப்பழையிலோ உடுவிலிலோ கொஞ்சம் இறங்குங்கள். பழைய கல்லறைகளைத் தேடிப் பாருங்கள். கடற்காற்றில் எழுத்துகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கைப்பேசியில் படம் எடுங்கள். பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கோயிலிலோ பள்ளி நூலகத்திலோ கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே இன்னும் எத்தனை றிச்சர்ட்ஸ், எத்தனை ஹரியற் இருக்கிறார்களோ!