நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம்

உங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? சாதாரணமாக நடப்பவர் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் செல்வார். நிலையத்தை மையமாக வைத்து, அந்த ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதன் பரப்பு சுமார் 200 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 25 வீடுகள் என்றால் 5,000 குடும்பங்கள்; 100 வீடுகள் என்றால் 20,000 குடும்பங்கள். தண்டவாளம் அதேதான், பயனடைவோர் நான்கு மடங்கு!

ஆரத்தை இரட்டித்தாலும் பரப்பு நான்கு மடங்காகுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் விளிம்பில் இருப்பவர் இருபது நிமிடம் நடக்க வேண்டும். அவர் வேறு வாகனத்தைத் தேடுவார்.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு 1947-இல் வகுக்கப்பட்ட திட்டம் விரித்த கையைப் போன்றது. பழைய நகரம் உள்ளங்கை. ரயில் பாதைகளை ஒட்டிய குடியிருப்புகள் ஐந்து விரல்கள். விரல்களுக்கு இடையே வயலும் காடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். ரயிலையே நம்பியிருக்கும் எளிய குடும்பங்கள் வட்டத்துக்கு வெளியே தள்ளப்படலாம். ஆகவே குறைந்த வாடகை வீடுகளுக்கு முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

ரயில் நிலையம் உள்ள ஓர் ஊரின் வரைபடத்தில் இவ்வட்டத்தை வரைந்து பாருங்கள். உள்ளே வீடுகள் எத்தனை? வெற்றிடம் எவ்வளவு?