கைரேகையும் கணினிக் கையொப்பமும்

1858-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில், ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னர்த் தம் கையொப்பத்தை மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு, வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி அவரது கைப்பதிவைப் பத்திரத்தில் பெற்றார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோர் பெரும் பங்கு கொண்டனர்.

கணினி ஆவணங்களுக்கு இத்தகைய உறுதியை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அளிக்கிறது. அந்தரங்கத் திறவுகோலால் கையொப்பம் இடப்படுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோலால் சரிபார்க்கப்படுகிறது. பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்பதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் சான்றிதழ் வழங்குகிறது.

கைரேகை உடலோடு ஒன்றியது. திறவுகோலோ களவு போகக்கூடியது. ஆகவே அதனைப் பிறரிடம் ஒப்படைத்தலாகாது. களவு போயின், நிறுவனத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும். அறிவிக்கும் வரை பொறுப்பு உரியவரையே சாரும். ஆவணத்தைப் பெறுபவரும் இரத்தான சான்றிதழ்களின் பட்டியலைப் பார்த்த பின்னரே அதனை ஏற்றல் நலம்.