மூணு காருக்கு ஒரு காலி இடம்

கொரோனா சமயத்துல ரேஷன் கடை வாசல்ல சுண்ணாம்பு வட்டத்துக்குள்ள நின்னது ஞாபகம் இருக்கா? 6 அடி இடைவெளி. நின்ன இடத்துல அது சுலபம். ஓடிக்கிட்டே இருக்கிற அசெம்ப்ளி லைன்ல?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கார் தொழிற்சாலைகளுக்கு விலக்கு இருந்தது. ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையின் தொழிலாளர் சங்கம், லைனில் இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. மே 26 முதல் சில நாட்கள் ஆலை நின்றது.

பிரச்சனை எங்கே? கார் நகர நகர, வேலை செய்பவரும் கூடவே நகர்வார். ஒரு போல்ட் முறுக்க கொஞ்சம் லேட் ஆனா போதும், அடுத்த ஸ்டேஷன் ஆளோட பக்கத்துல போய் நிற்பார். அவர் எவ்வளவு கவனமா இருந்தாலும் தூரத்தை முடிவு செய்வது லைனின் வேகமும் கார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும்தான்.

நீதிமன்ற உத்தரவுப்படி தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். கடைசியில் வந்த வழி: மூன்று கார்களுக்கு அடுத்து ஒரு இடம் காலி.

கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு இடத்துக்கு மூணு கார். அதே வேகத்துல ஓடினா உற்பத்தி 25% குறையும். அந்த 6 அடியோட விலை அதுதான். மாஸ்க் போடுறது தொழிலாளி கையில இருக்கு. இந்த விலையைக் கொடுக்கிறது நிர்வாகத்தோட கையில.

அந்தப் பக்கம் இன்டர்ன்ஷிப் போறவங்க, லைன் வேகத்தைக் குறிச்சுக்கும்போது ரெண்டு ஆளுக்கு நடுவுல எத்தனை அடின்னும் குறிச்சுக்கோங்க.