என் பெண் 108-க்குப் போன கதை

“உங்க பொண்ணு என்ன வேலை பார்க்குது?” என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “ஆஸ்பத்திரி வேலைதான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன் நான். இப்போதெல்லாம் முழுசாகவே சொல்லிவிடுகிறேன். “108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர்!”

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ராத்திரி வேலை, கூட இருப்பவர் ஆண் டிரைவர், ரத்தம், விபத்து... பெண்ணைப் பெற்ற சகோதரிகளுக்கு என் மனசு புரியும்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 2006-ம் வருஷம், ஐப்பசி மாத அடைமழை. எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. நடுராத்திரி என் மாமனார் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வேர்வையில் பனியன் நனைந்துவிட்டது. “வாயுவா இருக்கும்” என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்தோம். வாடகைக் கார் கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிதம்பரம் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அவர் தலையை மடியில் வைத்து முந்தானையால் விசிறிக்கொண்டே போனேன். புவனகிரி வருவதற்குள் என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி தளர்ந்துவிட்டது. காரில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 108 சேவை ஆரம்பித்தது 2008 செப்டம்பர் 15-ம் தேதி. எங்களுக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.

அப்போது என் பெண்ணுக்கு ஏழு வயது. அவள் வளர்ந்து பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தாள். டீச்சர் டிரெயினிங் சேர்க்கலாம் என்று நான் நினைத்திருக்க, 2022-ல் ஒரு நாள், “அம்மா, 108-ல ஆள் எடுக்கறாங்க. நான் போகட்டுமா?” என்று வந்து நின்றாள்.

“அந்தப் பேச்சே வேணாம்டி! நாளைக்கு எவன் கட்டிப்பான் உன்னை?” என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார்தான் பேசினார். “அன்னிக்குக் கார்ல வெவரம் தெரிஞ்சவ ஒருத்தி இருந்திருந்தா, உன் மாமனார் இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாரோ என்னமோ. போவட்டும் விடு.”

அதற்குப் பிறகு நான் என்ன பேசுவது?

எழுத்துத் தேர்வில் உடற்கூறு, முதலுதவி பற்றியெல்லாம் கேட்டார்களாம். அதன் பிறகு நேர்முகத் தேர்வு. தேறியவர்களுக்கு ஐம்பது நாள் பயிற்சி. வகுப்பறையில் கொஞ்சம், ஆஸ்பத்திரியில் கொஞ்சம், ஓடும் வண்டியில் கொஞ்சம்.

ஐம்பது நாளில் டாக்டர் ஆகிவிட முடியுமா? முடியாது. “டாக்டர்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கிறதுதான் எங்க வேலைம்மா” என்பாள். ஒருவர் மயங்கிக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவை: கூப்பிட்டால் பதில் இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் பீறிடுகிறதா. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கினார்களாம். பிராணவாயு வைப்பது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, முறிந்த எலும்புக்கு மட்டை கட்டுவது, முதுகில் அடிபட்டவரைக் கழுத்து அசையாமல் பலகையில் ஏற்றுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. சந்தேகம் வந்தால் மையத்தில் இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்யலாம்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு காலத்தில் போலீஸ் வண்டியும் பிணவண்டியும்தான் நோயாளியைத் தூக்கிப் போகுமாம். எங்கள் வாடகைக் கார் மாதிரிதான்! அங்கே பீட்டர் சஃபார் என்று ஒரு டாக்டர். 1966-ல் அவருடைய 11 வயது மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அடுத்த வருஷம் தொடங்கிய ‘ஃபிரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவைக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தவர் அவர்தான். வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஆம்புலன்ஸில் ஆள் வைத்துச் சிகிச்சை தருவதற்கு அவர்கள் ஒரு முன்மாதிரி.

பயிற்சி முடிந்து வந்த அன்றே எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். தலையணையைப் போட்டு, “இதுதான் தாத்தா” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

மார்வலியும் வேர்வையும் வந்தால் ‘வாயு’ என்று காத்திருக்காதீர்கள். நடக்கவும் விடாதீர்கள். சாய்ந்தாற்போல் உட்கார வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவர் ஒருவர் நினைவிழந்து, மூச்சும் நின்றுவிட்டால், கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நடு மார்பில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் மறு கை. முழங்கையை மடக்காமல், மார்பு இரண்டு அங்குலம் அமுங்கும்படி நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை விடக் கூடாது. கை வலித்தால் இன்னொருவர் மாறிக்கொள்ளலாம். நன்றாக மூச்சு விடுகிறவருக்கு இது வேண்டாம்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தப்பு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

போனில் பேசும்போது கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொல்லுங்கள். தெருமுனையில் ஒரு ஆளை நிறுத்துங்கள். வண்டி தேடி அலையும் நேரம் மிச்சம்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலை போன் வந்தது. வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒரு பிரசவம் பார்த்தாளாம். குழந்தையைத் துடைத்து, தாயின் மார்பில் போட்டு, துணியால் மூடி, அழுகுரல் கேட்ட பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்ததாம். “பயமா இருந்துச்சா?” என்றேன். “அப்ப இல்ல. இப்பதான் கை நடுங்குது. ரொம்பப் பசிக்குதும்மா” என்றாள்.

எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை. கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு ராத்திரி. விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற டிராக்டரில் ஒரு பையன் பைக்கோடு மோதிவிட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டான். லீவில் வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். ‘விட்டுவிடு இந்த வேலையை’ என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. “கடைசி வரைக்கும் அழுத்திக்கிட்டேதாம்மா போனேன்” என்றாள். நான் விசிறிக்கொண்டு போன ராத்திரி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

பெண்களை அனுப்ப நினைக்கும் தாய்மார்களுக்குச் சில விவரங்கள். விளம்பரங்களில் வழக்கமாகக் கேட்பது நர்சிங், ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. போன்ற படிப்பு, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல் போன்ற பட்டம். வயது 19-லிருந்து 30-க்குள். வேலை 12 மணி நேர ஷிப்ட், பகலும் உண்டு, இரவும் உண்டு. சொந்த மாவட்டத்தில் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. சேவை அரசாங்கத்தினுடையது என்றாலும், ஆள் எடுப்பது அதை நடத்தும் நிறுவனம். அதனால் அரசாங்க உத்தியோகம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் புரோக்கரை வாசற்படி ஏற விடாதீர்கள்.

வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போன மாதம் வந்தவர்கள், “கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடுவாளா?” என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் என் மாமியார் முந்திக்கொண்டார். “விடமாட்டா!”

காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.